இரண்டு அண்ணன் தம்பி கதைகளும் ஒரு கோணல் தராசும்

வீடியோ கேம் எனப்படும் கணினி ஆட்டத்தைப் பற்றிச் சங்க மலரில் ஓர் இலக்கியக் கட்டுரையா என்று புருவம் உயர்த்தும் அன்பர்கள் இருப்பார்கள் என்பது நமக்குத் தெரியும். அவர்களோடு வழக்காடுவது இக்கட்டுரையின் நோக்கமன்று. நாடகத்தைக் கூத்தாடிகள் தொழில் என்றும், நாவலை வேலையற்றவர் பொழுதுபோக்கு என்றும், திரைப்படத்தைக் குடிகெடுக்கும் கலை என்றும் ஒதுக்கிய அதே வாய்கள், பின்னர் அவற்றுக்கே மாநாடு கூட்டி மாலை சூட்டிய வரலாறு தமிழர்க்குப் புதிதன்று. கதை எந்தப் பாத்திரத்தில் ஊற்றப்படுகிறதோ அந்தப் பாத்திரத்தைத் தேடித் திறனாய்வாளன்தான் போக வேண்டும்.

நம் வழக்கு வேறு. ஆட்டங்களுக்கு மதிப்புரை எழுதும் மேலைநாட்டுத் திறனாய்வாளர்கள், உடன்பிறந்தார் இருவரின் பயணத்தைக் கூறும் இரண்டு ஆட்டங்களை எவ்வாறு நிறுத்தார்கள் என்பதே வழக்கு. முதலாவதற்கு ஒருமுகமாக மாலையிட்டார்கள். இரண்டாவதைப் பார்த்து, நன்றுதான், ஆயினும் பிரசார நெடி அடிக்கிறதே என்று அவர்களுள் ஒரு சாரார் மூக்கைப் பொத்திக்கொண்டார்கள். இரண்டையும் முழுவதும் ஆடிப் பார்த்த நாம், கோணல் பண்டத்தில் இல்லை, தராசில்தான் இருக்கிறது என்கிறோம்.

முதலாவது, 'பிரதர்ஸ்: எ டேல் ஆஃப் டூ சன்ஸ்' என்னும் ஆட்டம். சுவீடன் நாட்டு ஸ்டார்பிரீஸ் நிறுவனம் ஆக்க, 505 கேம்ஸ் நிறுவனத்தின் வெளியீடாக 2013 ஆகஸ்டில் வந்தது. இயக்கியவர் யோசஃப் ஃபாரெஸ். அதற்கு முன் அவர் திரைப்பட இயக்குநர். 1977இல் பெய்ரூட்டில் பிறந்து, லெபனான் உள்நாட்டுப் போரின் நடுவே பத்து வயதளவில் குடும்பத்தோடு சுவீடனுக்குக் குடிபெயர்ந்தவர். 2005இல் அவர் எடுத்த 'சோசோ' என்ற படமும், போர் நடக்கும் பெய்ரூட்டை விட்டுச் சுவீடன் சேரும் ஒரு சிறுவனின் கதையே.

ஆட்டத்தின் கதை பாட்டி சொல்லும் கதை போல எளியது. தாய் நீரில் மூழ்கி இறந்தாள். இளைய மகன் அதைக் கண்ணால் கண்டான். அன்று முதல் நீர் என்றால் அவனுக்கு அச்சம். இப்போது தந்தை நோயில் கிடக்கிறார். உயிர்மரத்தின் நீரைக் கொணர்ந்தால் பிழைப்பார். அண்ணனும் தம்பியும் புறப்படுகிறார்கள். புதுமை கதையில் இல்லை, கையில் இருக்கிறது. கன்ட்ரோலரின் இடப்புறக் கோல் அண்ணனை நடத்தும், வலப்புறக் கோல் தம்பியை நடத்தும். ஒவ்வொருவருக்கும் செயலாற்ற ஒரே ஒரு விசை. ஒரே ஆள், இரண்டு கைகளால், இரண்டு உடன்பிறப்புகளாக வாழ வேண்டும். அவர்கள் பேசும் மொழி எம்மொழியும் அன்று. லெபனான் அரபியின் சாயலில் புனைந்த பொருளற்ற ஒலிகள். ஊருக்குப் பெயரில்லை, நாட்டுக்குப் பெயரில்லை.

பிற்பகுதியில் அண்ணன் மாண்டுபோகிறான். ஆடுபவனின் இடக்கைக்கு வேலையற்றுப் போகிறது. அந்த வெறுமையை அவன் விரலில் உணர்கிறான். தம்பி ஒருவனாய் வீடு திரும்பும் வழியில் வெள்ளம் மறிக்கிறது. அதுவரை அண்ணன் முதுகைப் பற்றிக்கொண்டே நீரைக் கடந்தவன் அவன். அவனுக்குரிய விசையை அழுத்தினால் அசைய மறுக்கிறான். என்ன செய்வதென்று திகைத்து, இறந்துபோன அண்ணனுக்குரிய இடப்புற விசையை அழுத்துகிறோம். தம்பி நீந்துகிறான். ஒரு சொல்லும் இல்லாமல், ஒரு விசையால், மூத்தவன் இளையவனுக்குள் எவ்வாறு எஞ்சி நிற்கிறான் என்பதைக் காட்டிவிட்ட இந்த இடத்தைத் திறனாய்வாளர் போற்றினர் என்றால் அது தகும். 2014இல் பிரிட்டனின் பாஃப்டா அமைப்பு ஆட்டப் புதுமைக்கான விருதை இதற்கு அளித்ததும் தகும். மூன்று நான்கு மணி நேரத்தில் முடிந்துவிடுகிறது, புதிர்கள் எளியவை என்பவையே அன்று சொல்லப்பட்ட குறைகள். 2024 பிப்ரவரியில் இத்தாலிய நிறுவனம் ஒன்று அதே ஆட்டத்தைப் புதிய பூச்சோடு மறுபடியும் கொணர்ந்தது. பூச்சு மின்னியதே தவிரப் பழைய வெளிப்பாட்டின் உயிர்ப்பு அதில் மிகுந்ததாக நமக்குத் தோன்றவில்லை.

இரண்டாவது ஆட்டத்திற்கு வருவோம். 'லைஃப் ஈஸ் ஸ்ட்ரேஞ்ச் 2' என்பது அதன் பெயர். பாரிசைச் சேர்ந்த டோன்ட்நாட் நிறுவனம் ஆக்கியது. ஸ்குவேர் எனிக்ஸ் வெளியிட்டது. 2018 செப்டம்பர் 27 முதல் 2019 டிசம்பர் 3 வரை ஐந்து பகுதிகளாக வந்தது. இதற்கு ஊரும் உண்டு, நாளும் உண்டு. அமெரிக்காவின் சியாட்டில் நகரம். 2016 அக்டோபர் இறுதி. அந்நாட்டுத் தலைவர் தேர்தலுக்குச் சில நாள்கள் முன்பு. மெக்சிகோவிலிருந்து வந்து குடியேறிய எஸ்டபான் டியாஸ் ஒரு கார் மெக்கானிக். மனைவி கேரன் வெள்ளைக்காரப் பெண். பல ஆண்டுகளுக்கு முன்பே வீட்டை விட்டுப் போய்விட்டாள். மூத்த மகன் ஷானுக்கு 16 வயது, இளையவன் டேனியலுக்கு 9. பக்கத்து வீட்டுப் பையன் இளையவனைச் சீண்ட, மூத்தவன் தடுக்க, கைகலப்பாகிறது. அவ்வழியே வந்த காவலர் துப்பாக்கியை நீட்டுகிறார். நடந்ததைக் கேட்க வெளியே ஓடிவந்த தந்தை சுடப்பட்டு விழுகிறார். அந்தக் கணத்தில் டேனியலுக்குள் உறங்கிய ஓர் அதிசய ஆற்றல் வெடித்துத் தெருவையே புரட்டிப் போடுகிறது, காவலரும் மாள்கிறார். மயங்கிய தம்பியைத் தூக்கிக்கொண்டு ஷான் ஓடத் தொடங்குகிறான். தந்தை பிறந்து வளர்ந்த புவேர்ட்டோ லோபோஸ் என்னும் மெக்சிகோக் கடலோர ஊரே அவர்கள் இலக்கு. அவ்வூர்ப் பெயருக்கு ஓநாய்த் துறைமுகம் என்று பொருள். தம்பியைத் தேற்ற ஷான் சொல்லும் கதையும் இரண்டு ஓநாய்க் குட்டிகளின் கதையே.

காட்டில் கூடாரம், பெட்ரோல் பங்கில் பசி, பனியில் காய்ச்சல், தாய்வழிப் பாட்டன் பாட்டி வீடு, கலிபோர்னியக் காட்டில் கூலிவேலை, நெவாடாவில் ஒரு மதக்குழு, அரிசோனாப் பாலை, கடைசியில் எல்லைச் சுவர். இதுதான் வழி. இவ்வழியெங்கும் ஆடுபவன் அண்ணனாகவே இருக்கிறான். கையிருப்புப் பணம் சொற்பம். கடையில் ரொட்டியைக் காசு கொடுத்து வாங்குவதா, கேட்டுப் பெறுவதா, திருடுவதா? தம்பி பார்த்துக்கொண்டிருக்கிறான். அண்ணன் கெட்ட வார்த்தை பேசினால் அவனும் பேசுகிறான். அண்ணன் பொய் சொன்னால் அவனும் சொல்லக் கற்கிறான். ஒவ்வொரு சிறு செயலும் அந்தப் பிள்ளையின் மனத்தில் கணக்காக ஏறிக்கொண்டே போகிறது.

இதன் மீது மதிப்புரையாளர் கூறிய முதற்குறை, அரசியல் மிகுந்துவிட்டது, இனவெறிக் காட்சிகள் மிகையாக இருக்கின்றன, கதை பாடம் நடத்துகிறது என்பதாகும். எல்லாரும் இவ்வாறு கூறவில்லை. இதன் துணிவுக்காகவே பாராட்டியவர்களும் பலர். ஆயினும் இக்குறை திரும்பத் திரும்ப ஒலித்தது. ஆடியோர் நடுவே இன்னும் உரக்க ஒலித்தது.

நாம் கேட்கிறோம்: பெயரில்லாத நாட்டில், பொருளில்லாத மொழியில் இரண்டு பிள்ளைகள் தாயையும் இழந்து தந்தைக்காக அலைந்தபோது கண்ணீர் விட்டவர்களுக்கு, அதே வயதுப் பிள்ளைகள் சியாட்டில் என்ற முகவரியோடும் டியாஸ் என்ற குடும்பப் பெயரோடும் அலைந்தால் மட்டும் ஏன் அது பிரசாரமாகிவிட்டது? முன்னதில் கொடியவள் ஒருத்தி சிலந்தியாக மாறி அண்ணனைக் குத்துகிறாள், அது கலையாம். பின்னதில் பெட்ரோல் பங்கு முதலாளி ஒருவன் திருட்டுப் பட்டம் கட்டிப் பதினாறு வயதுப் பையனைக் காலால் உதைத்து அறையில் அடைக்கிறான், அது மிகையாம். சிலந்திப் பெண்ணை விடப் பெட்ரோல் பங்கு முதலாளி நம்ப முடியாதவனா? உண்மையைச் சொன்னால், சிலந்தி யார் மனத்தையும் புண்படுத்தாது. அது எந்த ஊர் வாக்காளர் பட்டியலிலும் இல்லை. முகவரியில்லாத் துயர் பொதுச் சொத்து. எவரும் தமதாக்கிக்கொண்டு அழலாம். முகவரியுள்ள துயர் கேள்வி கேட்கும். அந்தக் கேள்வி பிடிக்காதவர்கள் அதைக் கலைக்குறை என்று பெயர் மாற்றி எழுதுவது நேர்மையான திறனாய்வு ஆகாது.

பெய்ரூட்டை விட்டு வந்த சிறுவனாகிய ஃபாரெஸ், தன் முதல் ஆட்டத்தில் ஊர்ப்பெயரை நீக்கிவிட்டு அரபியின் ஒலியை மட்டும் வைத்துக்கொண்டார். அது அவர் உரிமை, அவர் கலை. ஆனால் அந்த ஒலியைக் கேட்டு மயங்கியவர்களுள் எத்தனை பேர், அது எந்த ஊரிலிருந்து வந்த ஒலி என்று கேட்டிருப்பார்கள்?

மிகை என்று தீர்ப்பளிக்கும் தகுதி யாருக்கு என்பதும் ஒரு கேள்வியே. பிறந்த ஊரிலேயே வாழ்ந்து, பெயரைச் சொன்னதும் அதை எப்படி எழுதுவது என்று யாரும் கேட்டிராத ஒருவர், ஷானிடம் பேசப்படும் சொற்கள் நடைமுறையில் பேசப்படா என்று எழுதிவிடலாம். இம்மலரைப் படிக்கும் குடும்பங்கள் அவ்வாறு எழுதத் தயங்கும். 1960களின் பிற்பகுதியில் பம்பாயில் தென்னிந்தியர் கடைகள் தாக்கப்பட்டதையும், 1991 டிசம்பரில் காவிரி இடைக்காலத் தீர்ப்பை ஒட்டிப் பெங்களூரில் தமிழர் குடியிருப்புகள் எரிந்ததையும் கண்டவர்கள் நம்மிடையே உண்டு. அவ்வளவு போக வேண்டியதில்லை. பேருந்தில் பிள்ளை தமிழில் உரக்கப் பேசியபோது மெல்லப் பேசு என்று தொடையில் தட்டிய தாய்மார் எத்தனை பேர்! நம் நிலையும் அமெரிக்காவில் ஆவணமின்றி வாழ்வோர் நிலையும் ஒன்றென்று கூறவில்லை. இந்த நாடு நம் நாடு, எந்தச் சுவரும் தாண்டி நாம் வரவில்லை. ஆயினும் வேற்று முகமாகப் பார்க்கப்படுதலின் கூச்சம் எத்தகையது என்பதை அறிந்தவர்கள் மிகை என்ற சொல்லை எளிதில் வீச மாட்டார்கள்.

இரண்டாவது குறை இன்னும் சுவையானது. இத்தொடரின் முதல் ஆட்டம் 2015இல் வந்தது. அதில் மேக்ஸ் என்னும் பெண்ணுக்குக் காலத்தைப் பின்னோக்கிச் சுழற்றும் ஆற்றல் உண்டு. தவறான முடிவெடுத்தால் சுழற்றித் திருத்திக்கொள்ளலாம். இரண்டாம் ஆட்டத்தில் ஆற்றல் தம்பியிடம் இருக்கிறது, ஆடுபவனோ அண்ணன். எனவே வல்லமை தம் கைக்கு வரவில்லை, வேண்டிய நேரத்தில் அந்தப் பொடியன் சொல்பேச்சுக் கேட்கவில்லை, எரிச்சலூட்டுகிறான் என்று சிலர் குறைப்பட்டார்கள்.

எரிச்சலூட்டாத ஒன்பது வயதுப் பிள்ளையை இவர்கள் எங்கே கண்டார்கள் என்பதை அறிய ஆவலாயிருக்கிறோம்.

இந்த ஆட்டத்தின் உயிரே அங்கேதான் இருக்கிறது என்பதை அக்குறை கூறியோர் கண்டும் காணாமற் போனார்கள். ஆட்டங்களின் பொது வழக்கு, வலிமையை ஆடுபவன் கையில் கொடுத்து உலகத்தை அவனுக்கு அடிபணியச் செய்வது. இங்கோ வலிமை அவன் வளர்க்கும் பிள்ளையிடம் இருக்கிறது. அவனால் ஆணையிட முடியாது. முன்னே நடந்து காட்ட மட்டுமே முடியும். பனிக்காட்டில் ஒரு மலைச்சிங்கம் அவர்களுடைய நாய்க்குட்டியைக் கொன்றுவிடுகிறது. தம்பி தன் ஆற்றலால் அதைப் பிடித்து நிறுத்தி, கொல்லட்டுமா என்று அண்ணன் முகத்தைப் பார்க்கிறான். கொல் என்பதும் விடு என்பதும் நம் வாயில் இருக்கின்றன. அந்த ஒரு சொல் அடுத்த மூன்று பகுதிகளிலும் அந்தப் பிள்ளையின் மனத்தோடு கூடவே வரும். முதல் ஆட்டத்தில் மேக்ஸுக்குக் கிடைத்த பின்னோக்கிச் சுழலும் வசதி ஷானுக்கு இல்லை என்பது குறையா? எந்த வீட்டு அண்ணனுக்கு, எந்த வீட்டு அக்காளுக்கு அந்த வசதி கிடைத்திருக்கிறது?

ஊரை விட்டு வந்த குடும்பங்களில் இந்தப் பொறுப்பு எவ்வாறு விழும் என்பதை நாம் விளக்க வேண்டியதில்லை. பாட்டி ஊரில் இருக்கிறாள். தாயும் தந்தையும் வேலைக்குப் போகிறார்கள். கழுத்தில் சாவியைக் கோத்துக்கொண்டு பள்ளியிலிருந்து வரும் மூத்த பிள்ளை, கதவைத் திறந்து, இளையதற்குச் சோறு போட்டு, வீட்டுப்பாடம் பார்த்து, யார் தட்டினாலும் திறக்காதே என்று பெரியவர் குரலில் மிரட்டுகிறது. பன்னிரண்டு வயதில் பாதிப் பெற்றோராகிவிட்ட அந்தப் பிள்ளைகளுக்கு எந்தக் காவியமும் எழுதப்படவில்லை. ஷான் தந்தையின் மரணத்தைத் தம்பியிடம் மறைக்கிறான். சுற்றுலா போவது போல் நடிக்கிறான். பிறகு அந்தச் சிறுவன் உண்மையைத் தானே அறிந்து, நீ ஏன் சொல்லவில்லை என்று வெடிக்கும்போது வாயடைத்து நிற்கிறான். பதினாறு வயதில் தந்தையாக நடிக்க வேண்டியிருந்தவனின் தோல்வி அது. ஆட்டங்களில் இதற்கு நிகரான காட்சி அரிது. மொழி வகையிலும் ஒரு நுட்பம் உண்டு. இந்தப் பிள்ளைகள் ஆங்கிலத்திலேயே வளர்ந்தவர்கள். ஸ்பானிய மொழி அவர்களிடம் செல்லப் பெயர்களாகவும் வசவுகளாகவும் சாப்பாட்டுப் பெயர்களாகவுமே எஞ்சியிருக்கிறது. தம்பியை ஷான் 'எனானோ' என்று அழைப்பான். குள்ளா என்பது போன்ற செல்லம். அடுக்களையில் மட்டும் தமிழ் மிஞ்சிய வீடுகள் நம்மிடம் இல்லையா?

மூன்றாவது குறை, ஆட்டம் மெதுவாக நகர்கிறது, பகுதிக்குப் பகுதி ஊரும் மாந்தரும் மாறிவிடுவதால் யாரோடும் மனம் ஒன்றவில்லை என்பது. முதல் தொடரில் ஓர் ஊர், ஒரு பள்ளி, அதே முகங்கள். அந்தச் சுகம் இதில் இல்லையாம். ஓடிக்கொண்டிருப்பவனுக்கு ஏது அண்டைவீட்டார்? நல்லவர் ஒருவரைக் கண்டு, அவரிடம் பழகி, பெயர் மனத்தில் பதியும்போது மூட்டை கட்ட வேண்டியிருப்பதே பெயர்ந்து வாழ்தலின் இயல்பு. வழியில் தம் காரில் ஏற்றிச் சென்று உதவும் பிராடி என்பவர், முதற்பகுதியோடு கண்ணிலிருந்து மறைந்துவிடுகிறார். அவரை மறுபடியும் காண மாட்டோமா என்று ஏங்குவதும் ஆட்டத்தின் பகுதியே. கதை வேண்டுமென்று செய்திருப்பதைக் கதையின் கவனக்குறைவாக எழுதுவது மேம்போக்கு.

இந்த மேம்போக்கிற்கு மதிப்புரை எழுதும் முறையும் ஒரு காரணம். ஐந்து பகுதிகளாக வரும் ஒரு கதைக்குப் பகுதிதோறும் தனித்தனியே மதிப்பெண் போட்டார்கள். கல்கி தம் 'பொன்னியின் செல்வ'னை 1950 முதல் 1954 வரை வாரந்தோறும் எழுதிக்கொண்டிருந்தபோது, இந்த வாரத்துக்குப் பத்துக்கு ஏழு, குதிரை ஓட்டம் போதவில்லை என்று ஒருவர் அட்டவணை எழுதிக்கொண்டிருந்தால் எப்படியிருந்திருக்கும்? விதை ஊன்றும் பகுதிக்குக் கனி தரவில்லை என்று மதிப்பெண் வெட்டுவார்கள். இரண்டாம் பகுதி அத்தகையது. அதில் தம்பிக்கு விதிகள் கற்பிக்கப்படுகின்றன. ஆற்றலை மறை, ஓடு, அபாயத்தை விலக்கு என்பன போன்றவை. அவ்விதிகளின் பொருள் நான்காம் ஐந்தாம் பகுதிகளில்தான் விளங்கும். தனியே எடுத்து நிறுத்தால் எடை குறையத்தான் செய்யும்.

இங்கே ஆக்கியோரையும் விட்டுவைக்க மாட்டோம். முதற்பகுதிக்கும் இரண்டாம் பகுதிக்கும் இடையே ஏறக்குறைய நான்கு மாதங்கள் ஓடின. ஐந்தும் வந்து முடியப் பதினான்கு மாதங்கள். 2015இன் தொடர் ஒன்பது மாதங்களுக்குள் முடிந்திருந்தது. முன்பகுதியில் தாம் தம்பிக்குச் சொன்ன சொல்லை ஆடுபவரே மறந்துபோகும் அளவு இடைவெளி விட்டால், அச்சொல்லின் விளைவு வந்து நிற்கும்போது அது யார் குற்றம் என்று தெரியாமல் போகும். இக்குறையைக் கூறியவர்கள் நியாயமாகவே கூறினார்கள். நிறுவனமும் அதை உணர்ந்திருக்க வேண்டும். 2020இல் இரட்டைப் பிள்ளைகளின் கதையாக அவர்கள் ஆக்கிய 'டெல் மீ வொய்' என்னும் ஆட்டத்தின் மூன்று பகுதிகளையும் வாரத்துக்கு ஒன்றாக வெளியிட்டுவிட்டார்கள்.

வேறு குறைகளும் உண்டு. நான்காம் பகுதியில் வரும் மதக்குழுத் தலைவி மெலிந்த பாத்திரம். ஒரு குழந்தையைத் தெய்வமாக்கி வைத்துக்கொள்ளும் மனம் எத்தகையது என்று ஆராய்வதற்கு மாறாக அவளை வெறும் தடையாக நிறுத்திவிட்டார்கள். தீயவர் சிலருக்கு ஒரு மணித்துளிகூடத் தம் பக்கத்தைச் சொல்ல வாய்ப்பளிக்கப்படவில்லை என்பதும் உண்மை. பாரிசிலிருந்துகொண்டு அமெரிக்காவின் மெக்சிகோவழிப் பிள்ளைகளைப் பற்றி எழுத இவர்களுக்கு என்ன தகுதி என்று கேட்டவர்களையும் நாம் எளிதில் ஒதுக்க மாட்டோம். கேட்கத் தகுந்த கேள்விதான். ஆனால் அதற்கான விடையைப் படைப்பைப் பார்த்துத்தான் சொல்ல வேண்டும், எழுதியவர் வாழும் ஊரைப் பார்த்தன்று. இவை யாவும் படைப்பின் மீதான குறைகள். அவற்றைத் துல்லியமாக எடுத்துக் கூறியிருந்தால் நமக்கு வழக்கே இல்லை. அரசியல் வேண்டாம், கதை மட்டும் போதும் என்ற ஒரே மூட்டைக்குள் அனைத்தையும் அடைத்ததுதான் நம் வழக்கு. தந்தையைச் சுட்டது அரசியல் என்றால், அதை நீக்கிய பின் எஞ்சும் கதை யாது?

முடிவைப் பற்றியும் ஒரு சொல். நாம் எதைத் தேர்ந்தாலும் கதை ஒரே இடத்துக்குத்தான் போகிறது, தேர்வு என்பது கண்கட்டு என்றும் எழுதினார்கள். எல்லைச் சுவர்வரை அது ஓரளவு உண்மை. அங்கே அது பொய்த்துப் போகிறது. காவலர் வண்டிகள் மறித்து நிற்க, சரணடைவதா, மோதித் தாண்டுவதா என்பதை அண்ணன் முடிவு செய்கிறான். ஆனால் அவன் முடிவு நிறைவேறுமா என்பது தம்பியின் கையில் இருக்கிறது. நல்லறம் கற்ற தம்பி, அண்ணன் சரணடைந்தால் உடன்படுகிறான்; அண்ணனுக்குப் பதினைந்து ஆண்டுச் சிறை, தம்பிக்குப் பாட்டன் பாட்டி நிழல். அதே தம்பி, அண்ணன் மோதத் துணிந்தால், யாருக்கும் தீங்கு நேர வேண்டாம் என்று ஓடும் காரிலிருந்து குதித்துவிடுகிறான். அண்ணன் தனியே அக்கரை சேர்கிறான். வன்மையைக் கற்ற தம்பியோ, அண்ணன் சரணடைய முயன்றால் ஒப்ப மறுத்து வண்டியைத் தன் ஆற்றலால் செலுத்துகிறான்; குண்டு பட்டு அண்ணன் மடிகிறான். இருவரும் மோதத் துணிந்தால் இருவருமே அக்கரையில், இரத்தக் கறையோடு. நான்கு முடிவுகள், நான்கிலும் ஷானின் கட்டளைக்கு விடை கூறுவது அவன் வளர்த்த பிள்ளை.

நாம் முதலில் கண்டது அந்தக் காரிலிருந்து குதிக்கும் முடிவே. நாம்தான் அவனுக்குத் திருடாதே என்றோம், கொல்லாதே என்றோம், மலைச்சிங்கத்தை விட்டுவிடு என்றோம். அவன் அவ்வளவையும் நம்பிவிட்டான். நம்மை விட அதிகமாக நம்பிவிட்டான். இது கண்கட்டு என்றால், பிள்ளை வளர்ப்பு முழுவதுமே கண்கட்டு என்று சொல்லிவிட வேண்டியதுதான். ஆட்டத்தின் ஒவ்வொரு பகுதியின் ஈற்றிலும், உலகெங்கும் ஆடியவர்களுள் எத்தனை நூற்றுமேனியர் எதைத் தேர்ந்தனர் என்று ஒரு பட்டியல் வரும். மதிப்புரையாளரின் எண்களை விட இந்தப் பட்டியலில் நமக்கு அக்கறை மிகுதி. பசித்த தம்பிக்கு ரொட்டியைத் திருடலாமா என்ற கேள்விக்கு, யார் எவர் என்று அறியாத மக்கள் தனியறையில் இருந்து கூறிய விடைகள் அதில் இருக்கின்றன.

குடும்பங்களுக்கு ஒரு நடைமுறைக் குறிப்பு. ஆட்டத்தில் ஒரு சிறுவன் நடமாடுகிறான் என்பதற்காகச் சிறுவரிடம் கொடுத்துவிடலாகாது. வசைச்சொல்லும், போதைப் பழக்கமும், துப்பாக்கிச் சூடும் இதில் உள்ளன. அமெரிக்காவில் இதற்கு வயதுவந்தோர்க்குரிய முத்திரையே இடப்பட்டது. முன்னர்க் கூறிய 'பிரதர்ஸ்' ஆட்டத்திலும் மரணமும் சவக்குழியும் உண்டெனினும், பெரியவர் ஒருவர் அருகிருக்க, வளர்ந்த பிள்ளை ஆடலாம். ஒருவர் இடக்கோலையும் மற்றவர் வலக்கோலையும் பற்றிக்கொண்டு அக்காளும் தம்பியுமாக ஆடிய வீட்டையும் நாம் அறிவோம். வெள்ளத்தருகே வந்ததும் தம்பி தன் கோலை எத்தனை அசைத்தும் ஒன்றும் நடக்கவில்லை. அதுவரை வேலையற்றுச் சும்மா உட்கார்ந்திருந்த அக்காள்தான் கை நீட்டித் தன் பக்கத்து விசையை அழுத்தினாள்.